சுருதி சேராத குரல்

ஒருவர் பாடப் பலர் அமர்ந்து கேட்பது ஒரு மரபு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கூடியிருப்போர் அனைவரும் வாங்கிப் பாடுவது மற்றொரு மரபு. இரண்டையும் இசை என்னும் ஒரே சொல்லால் சுட்டுவதால் அவற்றிடையே உள்ள வேறுபாடு கண்ணில் படாமற் போகிறது. நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வேரூன்றியது இரண்டாவது மரபே. ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களில், லயத்து வரிசைகளுக்கு அருகே எழுந்த மாரியம்மன் கோயில்களிலும் முருகன் கோயில்களிலும் கூடிய பஜனைக் குழுக்களில் பாடுவோர் இருந்தனர்; கேட்போர் என்று தனியே எவரும் இலர். வேடிக்கை பார்க்க வந்தவர் கையிலும் ஒரு சோடி ஜால்ராவைத் திணித்துவிடுவார்கள். ஆர்மோனியம் வாய்த்த தோட்டம் பேறு பெற்ற தோட்டம். வாய்க்காத இடத்தில் கைத்தட்டலே தாளம்.

அக்குழுக்களில் சுருதி சேராத குரல்களும் இருந்தன. இருள் பிரியுமுன் எழுந்து, பால்மரம் சீவி, வாளி சுமந்து, மாலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்கு வந்தவரின் குரல் பயிற்சி பெற்ற குரலாக இருப்பது எங்ஙனம்? அக்குரலை விலக்குவது அறமா, சேர்த்துக்கொள்வது அறமா என்னும் வினா தோட்டத்தில் எழவில்லை. மேடை வந்தபோதுதான் எழுந்தது.

1965ஆம் ஆண்டு தோன்றிய மலேசிய இந்து சங்கம் திருமுறை ஓதும் விழாக்களை வட்டாரம், மாநிலம், தேசியம் எனப் படிப்படியாக நடத்தி வருகிறது. அதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ழகரமும் றகரமும் திருந்தின; பண் என்றால் என்னவென்று சிறுவர் அறிந்தனர். ஆயினும் போட்டி என்று வந்துவிட்டால் தெரிவும் உடன் வருகிறது. முப்பது பேரில் பத்துப் பேரைத் தெரிந்தெடுப்பது, எஞ்சிய இருபது பேரை வாய்மூடி அமரச் செய்வதுமாகும்.

தெரிவை ஆதரிப்போர் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இறைவனுக்குச் சூட்டும் மாலையில் வாடிய பூவைத் தொடுப்பதில்லை; பாமாலைக்கு மட்டும் அவ்விதி ஏன் பொருந்தாது? பிழையான இசையைக் கேட்டு வளரும் பிள்ளை பிழையையே கற்கும். இது பொறுப்புள்ள ஆசிரியர் எவரும் எழுப்பத்தக்க வாதம். சினிமா மெட்டில் பக்திப் பாடல் பாடுவதைக் கண்டிப்போரும் இதனையே சொல்வர். அக்கண்டனம் பாதிதான் நியாயம். பாடும்போது படக்காட்சி மனத்தில் வந்து நிற்பது உண்மை. எழுத்தறியாத பாட்டாளிக்கு வாய் திறக்க வழி செய்தது தெரிந்த மெட்டே என்பதும் உண்மை.

ஆனால் ஓதப்படும் நூல்களே வேறோர் எண்ணத்தை உணர்த்துகின்றன. மார்கழி விடியலில் பாடப்படும் திருவெம்பாவையின் 20 பாடல்களுள் முற்பகுதி, உறங்கும் தோழியரை வாயில்தோறும் நின்று எழுப்புவதாகவே அமைந்தது. நான்காம் பாடலில் உள்ளே கிடப்பவள், எல்லாரும் வந்துவிட்டார்களா என்று கேட்கிறாள். வெளியே நிற்பவள், நீயே வந்து எண்ணிப் பார், தொகை குறைந்தால் திரும்பிப் போய் உறங்கு என்கிறாள். எவள் குரல் இனியது என்று அங்கே எவரும் ஆராயவில்லை. எவளும் விடுபடலாகாது என்பதே கவலை. தோட்டத்தில் அதே விடியற்பொழுதில் வேறோர் எண்ணிக்கையும் நிகழ்ந்தது. பெரட்டுக் களத்தில் கங்காணி ஆள் எண்ணினார். அங்கே எண்ணப்பட்டவை வேலை செய்யும் கைகள். அன்றாடம் கையாக மட்டும் எண்ணப்பட்டவன், குரலாகவும் எண்ணப்பட்ட இடம் பஜனை ஒன்றே.

பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தரின் பாடலைத் தம் யாழில் அடக்க இயலாத திருநீலகண்ட யாழ்ப்பாணர், யாழையே உடைக்க ஓங்குகிறார். சம்பந்தர் தடுத்து, யாழை வாங்கித் திரும்ப அவர் கையிலேயே கொடுத்து, இயன்ற அளவு வாசிக்கச் சொல்கிறார். பாடலின் உயர்வும் குறையவில்லை, துணைவரும் விலக்கப்படவில்லை. இவ்வினா சைவருக்கு மட்டும் உரியதுமன்று. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம், பாடகர் குழுவை வளர்க்கச் சொன்னதோடு, மக்கள் தமக்குரிய பங்கைப் பாடும் நிலையையும் காக்கச் சொன்னது.

தோட்டங்கள் இருந்தவாறே இருந்திருந்தால் இவ்வினாவுக்கு இத்துணைக் கூர்மை இராது. போட்டிக் குழுவில் இடம் பெறாதவர் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் வழக்கம்போல் பாடியிருப்பார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள்தேவை குறைந்தது, நிலங்கள் வீட்டுமனைகளாயின. லயங்களில் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்கள் சிரம்பானிலும் நீலாயிலும் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறின. இன்று பல இடங்களில் குழு கூடுவதே போட்டிக்காகத்தான். அதிலிருந்து விலக்கப்பட்டவருக்குப் பாடுவதற்கு வேறிடம் இல்லை. முன்பு ஒரு நிகழ்ச்சியில் இடமின்மையாக இருந்தது, இப்போது பாட்டிலேயே இடமின்மையாகிவிடுகிறது.

ஆகவே பயிற்சியளிக்கும் ஆசிரியர் மேடைக்குப் பத்துப் பேரைத் தெரிந்தெடுக்கட்டும். அது அவர் கடமை. அப்பத்துப் பேருக்குக் கற்பித்த பதிகத்தைப் போட்டி முடிந்த பின்னர்க் கோயிலில் அனைவருக்கும் அடியெடுத்துக் கொடுக்கும் பணியை அம்மாணவர்களிடமே ஒப்படைக்கலாம். வெள்ளி மாலைகளில் மேல்நிலைப்பள்ளி மாணவர்க்குத் தனிப்பயிற்சி வகுப்பு இருப்பது இதற்குப் பெரிய இடையூறு. ஞாயிறு காலையாயின் பலர் வரக்கூடும். ஜால்ராக்களும் பெரும்பாலான கோயில்களில் இன்னும் இருக்கின்றன.