கண்ணாடிக்குள் அயலார்

மன்னார் வளைகுடாவில் வாழும் கோமாளி மீன் கண்ணுக்கு இனியது. தான் குடியிருக்கும் கடற்சாமந்தியை அணுகுவோரிடமோ மிகக் கடுமையானது. கடலில் துரத்தப்பட்ட மீன் சற்றே விலகிப் போய்விடும். பூசல் அத்துடன் முடியும். நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டியில் விலகிப் போக இடம் ஏது? அதே துரத்தல் நாள்தோறும் தொடர, எளிய மீன் செட்டை கிழிந்து, இரையெடுக்காமல் மடிகிறது. நாமோ மற்றதற்குப் ‘பொல்லாதது’ என்று பெயர் சூட்டிவிடுகிறோம்!

மீன் தன் இயல்பின்படியே நடக்கிறது. இடத்தைக் குறுக்கியவரும் துணையைத் தேர்ந்தவரும் நாமே, பொறுப்பும் நம்முடையதே. கடலே காணாத கொல்லிமலைச் செம்மேட்டிலும் இன்று உப்பைக் கரைத்துக் கடல்நீர் ஆக்கிக்கொள்ளலாம். கடலின் அகலத்தை ஆக்க இயலுமோ?

அனுபவமுள்ளோர் சாதுவான மீன்களை முதலில் குடியேற்றி, முரட்டு மீனை இறுதியாகவே விடுவர். முந்தி வந்தால் அது தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். நிறத்திலும் வடிவிலும் அதனை ஒத்தவற்றைத் தவிர்ப்பர். அடித்தளத்தில் ஒதுங்கி வாழும் கோபி மீனைச் சேர்ப்பர். கற்களை அடுக்கி மறைவிடங்கள் அமைப்பர். அதன் பின்னும் பகை தணியாவிடில்? தனியே விடுவது கொடுமை என்பர் சிலர். அவ்விரக்கம் மீனுக்காக எழுவதா, வெறுமையான தொட்டியைப் பார்க்கப் பொறாத நமக்காக எழுவதா? கோமாளி மீனுக்குத் தன்னினத்தில் தன்னினும் சிறிய ஓர் இணை போதும்.