தாங்கும் மீன்

பவளத் தொட்டி வைக்கும் ஆசையோடு கொளத்தூர் போயிருந்தேன். ஒரு கடைக்காரர் சொன்னார்: “மொதல்ல ரெண்டு டாம்செல் விடுங்க சார். அது தாங்கும். செத்தாலும் பெரிய நஷ்டமில்ல.”

புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து அமோனியா சேரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை உள்ளே இருக்கும் மீனின் செவுளை அமோனியா அரித்துக்கொண்டே இருக்கும்.

‘தாங்கும்’ என்ற சொல் உறுத்தியது. வீட்டிலும் ஆபீசிலும் யார் தாங்குவாரோ அவர் தலையில்தானே எல்லாவற்றையும் ஏற்றுகிறோம்? தாங்குவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில் இருக்கின்றன. டாம்செல்லுக்கு அங்கே இடமில்லை. சட்டம் தடுக்காத இடத்தில்தான் நம் நியாயத்தின் அளவு தெரிகிறது.

நான் மீன் விடவில்லை. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிட்டேன்; அதுவும் அமோனியா தரும். தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, மோட்டார் ஓடுகிறது, உள்ளே யாருமில்லை. “வெறும் தண்ணிக்கா இவ்ளோ கரண்ட் பில்லு?” என்றாள் அம்மா. ஆறாவது வாரம் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தன. பண்ணையில் பொரித்த இரண்டு கோமாளி மீன்களை விட்டேன்.

“அந்த எறாலும் உயிர்தானே?” என்று தங்கை கேட்டாள்.

“அது மார்க்கெட்ல ஏற்கெனவே செத்துக் கெடந்ததுதான்” என்றேன். சொல்லும்போதே என் குரல் அந்தக் கடைக்காரர் குரல் மாதிரி இருந்தது.