விடையும் அறிவும்

அறிவைச் சோதித்தல் மனித சமுதாயத்தின் தொன்மையான வழக்கங்களுள் ஒன்றாகும். சீனப் பேரரசு பல நூற்றாண்டுகளாகத் தன் அலுவலரைப் பரீட்சை வாயிலாகத் தெரிந்தெடுத்தது. அம்முறை 1905ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டது. பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் போட்டிப் பரீட்சையைத் தம் குடியியற் சேவைக்குரிய வாயிலாக்கினர். அவர்தம் ஆட்சியோடு அது இலங்கைக்கும் வந்து வேரூன்றியது. பிறப்பும் செல்வாக்கும் அல்ல, கற்ற கல்வியே பதவிக்குத் தகுதி என்பது இம்முறையின் அடிப்படையான அறம். அரச சேவைக்கு ஆட்சேர்க்கும் பரீட்சைகளிலும், பாடசாலைகளுக்கிடையிலான போட்டிகளிலும், வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் 'பொது அறிவு' தனக்கென ஓர் இடத்தைப் பெற்றுள்ளது. 20ஆம் நூற்றாண்டின் வரலாறும் பண்பாடும் பற்றிய வினாக்கள் அதிலே தவறாது இடம்பெறுவன. எந்த ஆண்டு, எந்த ஊர், எவர் பெயர், எத்தனை பேர் என்பனவே அவ்வினாக்களின் பொதுவான வடிவங்கள்.

இவ்வினாக்களுக்குச் சரியான விடை தந்தவன் எதனை அறிந்தவனாகிறான்? அவ்வாறு அறிந்தமை அவனை எதற்கேனும் பொறுப்பாளியாக்குகின்றதா? முதலாவது அறிவாராய்ச்சியியல் சார்ந்த வினா. இரண்டாவது அறவியல் சார்ந்த வினா. வரலாற்றைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தல் அரிது.

முதல் வினாவைப் பழைய மெய்யியலாளர் நன்கு சிந்தித்துள்ளனர். பிளேட்டோ தம் 'மெனோ' உரையாடலில், லரீசா என்னும் நகருக்குச் செல்லும் வழியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். அவ்வழியே சென்று அறிந்தவனும், சென்றறியாது சரியாக எண்ணிக்கொண்டவனும் பிறரை அந்நகருக்கு ஒருங்கே வழிப்படுத்த வல்லவர்கள். ஆயின் சரியான எண்ணம் நிலைத்து நிற்பதில்லை. காரணம் என்னும் கயிற்றாற் கட்டப்படும்போதே அது அறிவாகிறது என்பது அவர் கருத்து. பரீட்சைக்கு முதல்நாள் மனனம் செய்த ஆண்டுகள் மறுவாரமே மறைந்துபோவதை அறிந்த எந்த மாணவனுக்கும் இக்கூற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

சைவசித்தாந்தத்தின் அளவையியல் வேறொரு கோணத்தைத் தருகின்றது. காட்சி, கருதல், உரை எனும் மூன்று அளவைகளுள் ஏனையவற்றை அது அடக்கிக் கொள்ளும். சித்தாந்திகள் உரை எனச் சிறப்பாகக் கொண்டது இறைநூலையே. எனினும், தானே காணாததைத் தகுதியுடையோர் சொல்லாற் பெறுதல் என்னும் அதன் இலக்கணம் வரலாற்றறிவுக்கும் பொருந்துவதாகும். தான் பிறவாத காலத்தில் நிகழ்ந்ததை எவரும் கண்டறிய முடியாது. பிறர் உரைக்கவே அறியலாம். எனவே உரைப்பவர் யார், அவர் எதனை உரைத்தார், எதனை உரையாது விட்டார் என்னும் ஆய்வு வரலாற்றறிவின் உள்ளுறுப்பாகிவிடுகிறது. இங்குதான் அறவியல் நுழைகின்றது.

இதனை விளக்குதற்குத் தொலைநாடுகளைத் தேடவேண்டியதில்லை. கொழும்புத் துறைமுகத்தை அண்டியுள்ள கொச்சிக்கடை என்னும் சிறு நிலப்பரப்பே போதுமானது. கொச்சியிலிருந்து வந்தோரின் தொடர்பால் அவ்விடம் இப்பெயர் பெற்றதென்பது வழக்கு. 1834இல் எழுந்த புனித அந்தோனியார் ஆலயம் அங்கே உள்ளது. செவ்வாய்க்கிழமைகளில் அவ்வாலயத்திற்கு வருவோரிற் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் காணப்படுவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கற் கோயிலாக எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் அங்கேயே உள்ளது. அயலிலுள்ள புறக்கோட்டையில் 1909இற் கட்டி முடிக்கப்பட்ட ஜமிஉல் அல்பார் பள்ளிவாசல் செந்நிறமும் வெண்ணிறமும் கலந்து விளங்குகிறது.

இக்கோயிலை எழுப்பியவரைப் பற்றிப் பொது அறிவு வினா ஒன்று எவ்வாறு அமையும் என எண்ணிப் பார்க்கலாம். 1915இல் இலங்கையில் நடைமுறைப்படுத்தப்பட்ட இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை எதிர்த்து வாதாடியவர் யார்? இராமநாதன் என்பதே விடை. அது சரியான விடையும் ஆகும். அவ்வாண்டு யூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது, எட்வேர்ட் ஹென்றி பெத்ரிஸ் என்னும் இளைஞர் யூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார், டீ.எஸ். சேனநாயக்க முதலிய சிங்களத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். இராமநாதன் சட்டசபையிற் பேசியதோடு அமையாது, போர்க்காலத்துக் கடற்பயணத்தின் ஆபத்தையும் பொருட்படுத்தாது இலண்டன் சென்று நீதி கோரினார். அவர் திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர் எனக் கூறுவர். தமிழ் மாணவன் இவ்விடையைப் பெருமிதத்துடன் எழுதுவான். சிங்கள மாணவன் நன்றியுடன் எழுதலாம்.

ஆயின், அந்த இராணுவச் சட்டம் எதன்பொருட்டு வந்தது? 1915 மே மாத இறுதியில், வெசாக் காலத்திற் கண்டியில் மூண்டு, பின்னர் கொழும்பு உட்படப் பல பகுதிகளுக்கும் பரவிய கலவரத்தில் தாக்கப்பட்டோர் முஸ்லிம்கள். அவர்தம் கடைகள் சூறையாடப்பட்டன; பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன; உயிர்களும் மாண்டன. பிரித்தானிய ஆட்சியின் அடக்குமுறை அளவு கடந்தது என்பதில் ஐயமில்லை. அதனை எதிர்த்தவரின் துணிவும் குறைத்து மதிக்கற்பாலதன்று. எனினும் தம் இழப்பு அவ்வாதங்களில் உரிய இடத்தைப் பெறவில்லை என்னும் மனத்தாங்கல் முஸ்லிம் மக்களிடையே நெடுங்காலம் நிலவியது. 'இராமநாதன்' என்னும் ஒரு சொல் விடையுள் ஆட்சியாளர் உளர், தலைவர் உளர், வழக்கறிஞர் உளர், தாக்கப்பட்டவர் இலர். விடையில் பிழை எதுவுமில்லை. வினாவே அவர்களை வெளியே நிறுத்திவிட்டது.

இரண்டாவது எடுத்துக்காட்டு 1942 ஏப்ரல் 5ஆம் நாள் நிகழ்ந்தது. அன்று உயிர்த்த ஞாயிறு. நான்கு மாதங்களுக்கு முன்னர் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய யப்பானியக் கடற்படையணி, தளபதி நகுமோவின் தலைமையில் இந்து சமுத்திரத்துள் நுழைந்து, காலை வேளையிற் கொழும்பைத் தாக்கியது. முதல்நாளே கனடிய விமானி பேர்ச்சல் அப்படையணியைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். துறைமுகத்தில் ரெனடோஸ், ஹெக்டர் ஆகிய கப்பல்கள் அழிந்தன. அன்றே நடுக்கடலில் டோர்செற்சயர், கோர்ன்வோல் என்னும் இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டது. இவை யாவும் பொது அறிவு நூல்களுக்குள் எளிதில் அடங்கும் செய்திகள்.

அங்கொடை மனநோய் மருத்துவமனை மீதும் அன்று குண்டுகள் வீழ்ந்தன. போர் எதுவென்றும் பகைவர் யாரென்றும் அறியும் நிலையில் இல்லாத நோயாளர் அங்கே இருந்தனர். துறைமுகத் தொழிலாளரும் நகரமக்களும் பெருந்தொகையினராய்க் கொழும்பை விட்டு நீங்கினர். கொச்சிக்கடை போன்ற துறைமுக அயலிடங்களில் அன்றைய காலைப் பூசைக்கு ஆயத்தமாயிருந்த குடும்பங்களுக்கு அந்நாள் எத்தகையது என்பதை எந்தப் பல்தேர்வு வினாவும் வினவுவதில்லை. மூழ்கிய கப்பலுக்குப் பெயர் உண்டு. ஆதலின் அது வினாவாகிறது. மூட்டை சுமந்தவனுக்கும் பெயர் உண்டு. ஆயின் அது ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் ஏறாததை வினவ முடியாது. வினவப்படாததைக் கற்பாரும் இல்லை. மாணவனின் எதிர்காலம் புள்ளிகளில் தங்கியுள்ள ஒரு நாட்டில் இவ்வட்டம் மிக வலியது.

இவ்வாறாயின், ஆண்டுகளும் பெயர்களும் எண்களும் பயனற்றவை என ஒதுக்கிவிடலாமா? வரலாற்றின் 'உணர்வே' முதன்மையானது, விவரங்கள் அற்பமானவை எனக் கூறுவோர் உளர். இக்கூற்று கேட்பதற்கு இனிது, விளைவில் ஆபத்தானது. விவரங்களை இழந்த உணர்வு எவர் கையிலும் எந்த வடிவத்தையும் பெறும். நாள் குறிக்கப்படாத கொடுமையை நிகழவில்லை என மறுப்பது எளிது. இடம் குறிக்கப்படாத அழிவை வேறெவர் மீதும் சுமத்துவது எளிது.

இதற்கும் கொச்சிக்கடையே சான்றாகின்றது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், மற்றுமோர் உயிர்த்த ஞாயிற்றில், புனித அந்தோனியார் ஆலயத்திற் பூசை நடந்துகொண்டிருந்த வேளை தற்கொலைக் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் பெருவிடுதிகள் ஆகியனவும் அன்றே தாக்கப்பட்டன. இறந்தோர் தொகை 359 என முதலில் அறிவிக்கப்பட்டது. சில நாட்களுள் அது ஏறத்தாழ 253 எனத் திருத்தப்பட்டது. சிதைந்த உடல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எண்ணப்பட்டமையே காரணமெனக் கூறப்பட்டது. காயமுற்றோர் சிலர் பின்னர் மரணமடையவே அத்தொகை 260ஐக் கடந்தது. இத்திருத்தங்களை வெறும் கணக்கு வேலையாகக் கருதுதல் பொருந்தாது. ஒருவரைக் கூட்டி எண்ணுவதும் குறைத்து எண்ணுவதும் இறந்தவருக்கு இழைக்கும் அநீதியே. சரியான எண்ணை அடையும்வரை ஓயாதிருத்தல், இறந்த ஒவ்வொருவரையும் தனித்தனி மனிதராக மதித்தலின் வெளிப்பாடாகும். ஆகவே விவரத்தில் நேர்மை என்பது பரீட்சைத் தேவை மட்டுமன்று. அது அறத்தின் முதற்படியும் ஆகும். ஆயின் முதற்படியிலேயே நின்றுவிடுபவன் மாடிக்கு ஏறியவன் ஆகான்.

இனி, 'பொது அறிவு' என்னும் தொடரிலுள்ள 'பொது' என்னும் அடைமொழி ஆராயத்தக்கது. யாவர்க்கும் பொது? இலங்கையில் ஒவ்வொரு சமூகமும் தனக்கென ஓர் ஆண்டு வரிசையை நெஞ்சில் வைத்துள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும் 1983 யூலையையும் தமிழ் மாணவன் எவரும் கற்பிக்காமலே அறிவான். 1971 ஏப்ரற் கிளர்ச்சியிலும் அதன் அடக்குமுறையிலும் மாண்ட தென்னிலங்கை இளைஞரைச் சிங்களக் கிராமங்கள் அறியும். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டதை மலையக மக்கள் அறிவர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை முஸ்லிம்கள் அறிவர். ஒவ்வொருவரும் தம் நாளை அறிவர். பிறர் நாளைப் பரீட்சைக்காகவே கற்பர், அதுவும் வினவப்பட்டால் மட்டுமே. தன் துயரத்தின் நாளை நினைவிற் கொள்வதற்கு அறிவு தேவையில்லை, தழும்பே போதும். பிறர் துயரத்தின் நாளை அறிவதற்கே கல்வி தேவைப்படுகின்றது. பொது அறிவு என்னும் பெயருக்குத் தகுதியுடையது இவ்வறிவு ஒன்றே.

பிற உயிரின் நோயைத் தன் நோய்போற் கருதிக் காவாதவிடத்து அறிவினால் ஆகும் பயன் யாது என்னும் வினாவை வள்ளுவர் 'இன்னா செய்யாமை' அதிகாரத்தில் எழுப்புகின்றார். அறிவைச் சோதிக்கும் அளவுகோலை அவர் அறிவுக்கு உள்ளே தேடவில்லை. அறிந்தவனின் ஒழுக்கத்திலே வைத்தார் என்பது நோக்கற்பாலது. இவ்வளவுகோலைப் பரீட்சை மண்டபத்திற் பயன்படுத்த முடியாது என்பது உண்மை. எந்தப் பரீட்சகரும் இரக்கத்திற்குப் புள்ளி வழங்க இயலாது. வழங்க முற்பட்டால் நடிப்பே வளரும். ஆதலாற் பரீட்சையிடம் அதனாற் செய்ய முடியாததை எதிர்பார்த்தல் முறையன்று.

ஆயினும் அதனாற் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எதனை வினவுவது என்னும் தெரிவு வினாப்பத்திரம் தயாரிப்போரின் கையில் உள்ளது. 1915 பற்றி வினவும்போது, வாதாடியவர் யார் என்பதோடு தாக்கப்பட்டோர் யார் என்றும் வினவலாம். 1942 பற்றி வினவும்போது, மூழ்கிய கப்பலின் பெயரோடு குண்டு வீழ்ந்த மருத்துவமனை எது என்றும் வினவலாம். இவையும் சரி, பிழை என மதிப்பிடத்தக்க விவரங்களே. புள்ளியிடுதற்கு எவ்விடரும் இல்லை. ஒரு வினாப்பத்திரம் மாணவனின் அறிவை மட்டும் சோதிப்பதில்லை. ஒரு சமுதாயம் எதனை நினைவிற் கொள்ளத் துணிந்துள்ளது என்பதையும் வெளிப்படுத்துகின்றது. அவ்வகையிற் பரீட்சகரும் ஒரு பரீட்சார்த்தியே.

விடை எழுதுபவனுக்கும் ஒரு கடமை எஞ்சுகின்றது. புள்ளி பெற்றவுடன் விடை முடிந்துவிடுகிறது, அறிவு முடிவதில்லை. கொச்சிக்கடைத் தெருவில் அந்தோனியார் ஆலயத்தையும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலையும் கடந்து செல்லும் மாணவன் அவை எழுந்த ஆண்டுகளை அறிந்திருத்தல் நன்று. அவ்வாலயத்தின் வாயிலில் மெழுகுதிரி ஏற்றி நிற்கும் அயலானுக்கு எந்த ஆண்டு மறக்கவொண்ணாதது என அறிய விரும்புதல் அதனினும் நன்று. அவ்விருப்பம் தோன்றுமிடத்தே வரலாறு ஒரு பாடம் என்னும் நிலையைக் கடந்து மனிதர் ஒருவருக்கொருவர் செலுத்தவேண்டிய கடனாகின்றது. அக்கடனை அறியாத அறிவு எத்துணைப் புள்ளிகளைப் பெற்றாலும் பொதுவாகாது என்பது கற்போரும் கற்பிப்போரும் ஒருங்கே சிந்தித்தற்குரியது.