அம்புமுனையும் அறமும்: வேட்டைக் கருவித் தேர்வு எழுப்பும் ஓர் ஒழுக்க வினா

முன்னுரை

அம்பின் உறுப்புகள் தண்டு, இறகு, முனை என மூன்றாகும். தண்டும் இறகும் அம்பைக் கொண்டு செலுத்துகின்றன. உயிரைக் கொள்வது முனை. எனவே வேட்டைக்குச் செல்பவன் எந்த முனையைத் தெரிவு செய்கிறான் என்பது, அவன் எவ்வகை இறப்பைத் தெரிவு செய்கிறான் என்பதாகவும் அமைகின்றது. கூரிய முனை விரைந்து கொல்லும். மழுங்கிய முனை வதைத்துக் கொல்லும். முட்கொளுவிய முனை உடலில் தங்கி நாட்கணக்கில் வருத்தும். கொல்வது என்று துணிந்தபின் கொல்லும் முறையில் அறம் பேசுவதற்கு இடமுண்டா? நன்முனையைத் தெரிவு செய்தல் விலங்கின்பால் கொண்ட இரக்கமா, அல்லது கொல்பவன் தன் மனச்சான்றுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலா? இவ்வினாவைத் தமிழ் இலக்கியம், இந்திய அறநூல்கள், இக்கால வேட்டைச் சட்டங்கள் ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரலைமான்கள் இன்றும் மேய்ந்து திரியும் பங்காருபேட்டை, கோலார் தங்கவயல் பகுதி இவ்வினாவுக்குரிய களமாகக் கொள்ளப்படுகின்றது.

முனையின் வகையும் தொழிலும்

அம்பைக் குறிக்கக் கணை, பகழி, வாளி, கோல் எனப் பல சொற்கள் தமிழில் வழங்குகின்றன. முனையின் வடிவத்தை ஒட்டியும் பெயர்கள் அமைந்துள்ளன. அலகு பொருந்தியது அலகம்பு, பிறைவடிவினது பிறையம்பு, கூரற்றது மொட்டம்பு, முழுவதும் இரும்பாலானது நாராசம். காதுக்கு இன்னாத சொல்லை ‘நாராசம்’ என இன்றும் வழக்கில் கூறுகிறோம். ஆதிச்சநல்லூர், கொடுமணல் முதலிய இடங்களின் அகழாய்வுகளில் இரும்பு அம்புமுனைகள் கிடைத்துள்ளமை இத்தொழிலின் தொன்மையைக் காட்டும்.

கௌடலியரின் அர்த்தசாத்திரம் அம்புமுனைகளை அவை செய்யும் தொழிலால் வெட்டுவன, துளைப்பன, தாக்குவன என மூன்றாகவும், அவற்றின் பொருளால் இரும்பு, எலும்பு, மரம் என மூன்றாகவும் வகுக்கின்றது. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்திடம் ஒப்படைத்த சுவடியைக் கொண்டு ஆர். சாமசாத்திரி 1909இல் பதிப்பித்த பின்னரே இந்நூல் அறிஞர் உலகிற்குத் தெரியவந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இக்காலத்தில் வில்வேட்டை சட்டப்படி நடைபெறும் நாடுகளிலும் இம்மூவகைப் பகுப்பே சிற்சில மாற்றங்களுடன் தொடர்கின்றது. மான் போன்ற பெரிய விலங்குகளுக்கு அகன்ற அலகுடைய முனையும், முயல், பறவை முதலிய சிற்றுயிர்களுக்கு மொட்டை முனையும், பயிற்சிக்கு வெறுங்கூர் முனையும் பயன்படுகின்றன. அகன்ற அலகுகளிலும் நிலைத்த அலகு, தைக்கும்போது விரியும் அலகு என இருவகை உண்டு. விரியும் அலகு பெரிய காயத்தை உண்டாக்கும்; ஆனால் விரிவதற்கே அம்பின் விசையில் ஒரு பகுதி செலவாவதால், வலுக்குறைந்த வில்லிலிருந்து சென்றால் எலும்பைத் துளைக்காது நின்றுவிடக்கூடும்.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்போ பெரும்பாலும் குருதிப்போக்கினால் கொல்கின்றது. நுரையீரலும் இதயமும் அமைந்த மார்புப் பகுதியில் கூரிய அலகு தைத்தால் விலங்கு சிறிது தொலைவிலேயே வீழும். அலகு மழுங்கியிருப்பின் குருதிக்குழாய்களை வெட்டாமல் ஒதுக்கிச் செல்லும். வயிற்றில் தைத்தாலோ விலங்கு பல மணிநேரம் அலைந்து, எவர் கண்ணிலும் படாமல் எங்கோ மடியும். எனவே முனையின் கூர்மை என்பது விலங்கின் துன்பத்தை அளக்கும் கோலாகவும் அமைகின்றது.

போரறமும் வேட்டையறமும்

முனையைப் பற்றிய அறவிதிகள் முதலில் போரை ஒட்டியே தோன்றின. முட்கொளுவிய முனை, நஞ்சூட்டிய முனை, தீக்கொளுத்திய முனை ஆகியவற்றையும் மறைவான படைக்கலங்களையும் போரில் மனுநூல் விலக்குகின்றது. முட்கொளுவிய அம்பைப் பிடுங்கும்போது தசையும் உடன் கிழியும். உடலில் தைத்த அம்பை அகற்றுதல் பண்டை மருத்துவத்தின் தலையாய பணிகளுள் ஒன்றாக இருந்தமையால், சுசுருதரின் அறுவை மருத்துவம் அம்பைக் குறிக்கும் ‘சல்லியம்’ என்ற சொல்லாலேயே பெயர் பெற்றது.

1899ஆம் ஆண்டு ஹேக் நகரில் வெளியிடப்பட்ட அறிக்கை, உடலுள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக்கூடாது எனத் தடை செய்தது. ஆனால் இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான்கள் சட்டம், மானைச் சுடுவோர் விரியும் குண்டையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. அம்பினால் மானைக் கொல்வதை அந்நாட்டுச் சட்டம் அறவே விலக்குகிறது. போரில் கொடுமை எனப்பட்ட ஒன்று வேட்டையில் கடமையாக மாறியது எவ்வாறு? போர்வீரனை வீழ்த்தினால் போதும். அவன் பிழைத்தெழலாம் என்னும் நம்பிக்கைக்கு இடம் வைப்பது போரறம். வேட்டை விலங்கு பிழைப்பதற்கு அங்கு இடமில்லை. எனவே அதன் இறப்பு விரைவாக அமைவதே அதற்குக் காட்டப்படும் ஒரே சலுகையாகின்றது. ஒரே கருவியின் தன்மை, அதை எய்பவன் கொண்ட நோக்கத்தால் அறமாகவும் மறமாகவும் மாறுவதை இவ்விரு சட்டங்களும் உணர்த்துகின்றன.

சமய மரபுகளும் முனையைக் கருத்திற் கொண்டுள்ளன. வேட்டைக்கோலின் கூர்முனை தைத்து இறந்த விலங்கை உண்ணலாம். அதன் பக்கம் மோதி இறந்ததை உண்ணலாகாது என நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொண்டு விலங்கின் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் அம்மரபின் கட்டளையாகும். உண்பதற்காகக் கொல்வதை ஏற்ற மரபும், கொல்லும் முறையை மனம்போன போக்கில் விட்டுவிடவில்லை என்பது இதனால் புலனாகும்.

தமிழ் மரபின் மூன்று நோக்குகள்

வேட்டையைப் பற்றிய தமிழ் நூல்களின் பார்வையை மூவகைப்படுத்தலாம். முதலாவது திறன் நோக்கு. வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவியதாக வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாடல் இதற்குச் சான்று. வில்லாளியின் ஆற்றலே அங்குப் பாடுபொருள். வீழ்ந்த விலங்கின் வலி பேசப்படவில்லை. இரண்டாவது வீர நோக்கு. காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலை உயர்வாகக் கருதும் படைச்செருக்குக் குறள் இதைக் காட்டும். இங்கும் உயர்வு தாழ்வு வேடனின் பெருமையைக் கொண்டே அளக்கப்படுகின்றது.

மூன்றாவது அருள் நோக்கு. கொல்லாமை, புலால் மறுத்தல் ஆகிய அதிகாரங்களில் வள்ளுவர் இறக்கும் உயிரின் பக்கம் நின்று பேசுகிறார். உண்பதற்காகக் கொள்வோர் இல்லையெனில் விற்போரும் இல்லை என்று அவர் கூறும்போது, பொறுப்பு எய்பவனோடு நில்லாமல் உண்பவன்வரை நீள்கின்றது. மேலும், நேரான அம்பு கொடியது, வளைந்த யாழ் இனியது, எனவே செயலைக் கொண்டே மதிப்பிடுக என்னும் கருத்தமைந்த குறள் நம் வினாவுக்கு நேரடியாகப் பொருந்துகின்றது. முனை எத்துணை நேர்த்தியாக வடிக்கப்பட்டிருப்பினும் அதன் செயல் கொலையே. கருவியின் செம்மை செயலின் செம்மையாகிவிடாது.

எய்பவனும் எய்யப்பட்டவனும்

அம்புமுனை பற்றிய வினாவை மெய்யியல் நோக்கில் எழுப்பிய பழம்பனுவல்களுள் குறிப்பிடத்தக்கது மச்சிம நிகாயத்தின் 63ஆம் சூத்திரமாகும். நஞ்சூட்டிய அம்பு தைத்த ஒருவன், எய்தவன் யார், வில் எத்தகையது, முனை முட்கொளுவியதா, கன்றின் பல் போன்றதா, அலரி இலை போன்றதா என்றெல்லாம் அறிந்த பின்னரே அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால், அறியுமுன் இறந்துபடுவான் எனப் புத்தர் மாலுங்கிய புத்தருக்கு உரைக்கிறார். எய்யப்பட்டவனுக்கு முனையின் வகை பற்றிய ஆராய்ச்சி வீண்.

ஆயின் எய்பவனுக்கு அது வீணன்று. எய்வதற்கு முன்னர் அவன் கேட்டுத் தீர வேண்டிய வினா அதுவே. ‘இம்முனை குறைவாக வருத்தும்’ என்று ஒருவன் தெரிவு செய்யும்போதே, தான் எய்யப்போகும் உயிர் வருந்தும் என்பதை அவன் ஒப்புக்கொண்டவனாகிறான். இவ்வொப்புதல் அவனை மேலும் சில கடமைகளுக்குள் கொண்டுசெல்கின்றது. தொலைவு மிகுதியாயின் எய்யாதிருத்தல், இலக்குத் தெளிவில்லாதபோது வில்லைத் தாழ்த்துதல், காயமுற்ற விலங்கைத் தேடிச் சென்று துன்பம் தீர்த்தல் ஆகியவை அக்கடமைகளாம். இவற்றுள் ஒன்றையேனும் முனை தானாகச் செய்துவிடாது.

இதிகாச மரபு இதனைப் பன்முறை வற்புறுத்துகின்றது. பெண்மான் ஒன்று தன் துணையை மறைத்து நின்றது கண்டு தசரதன் இரங்கி, செவிவரை இழுத்த அம்பை விடாது தவிர்த்தான் எனக் காளிதாசரின் இரகுவம்சம் கூறும். அதே தசரதன், கண்ணால் காணாது ஒலியை மட்டும் கேட்டு எய்த அம்பினால் முனிவர் மகனைக் கொன்றான். இரலை உருவில் துணையோடு கூடியிருந்த கிந்தம முனிவரைப் பாண்டு எய்தபோது, அவர் வேட்டையைப் பழிக்கவில்லை. எய்த காலத்தையே பழித்தார். உலக்கையின் எஞ்சிய இரும்பை முனையாக்கிய வேடன் சரன், மான் என மயங்கிக் கண்ணனின் அடியில் எய்தான் எனப் புராணம் கூறும். இந்நான்கு நிகழ்வுகளிலும் அறத்தைத் தீர்மானித்தது முனையின் வடிவமன்று; எய்பவனின் காட்சித் தெளிவும் அடக்கமுமே.

தங்கவயலின் இரலைகள்

‘பங்காரு’ என்பது தெலுங்கில் பொன்னைக் குறிக்கும். மைசூர் ஆணையர் பௌரிங் பெயரால் முன்னர்ப் பௌரிங்பேட்டை எனப்பட்ட ஊரே இன்றைய பங்காருபேட்டை. இதனைச் சூழ்ந்த கோலார் நாடு கங்கரின் பழந்தலைநகரான குவளாலபுரத்தைக் கொண்டது. நன்னூலை இயற்றுவித்த சீயகங்கன் அம்மரபினன் என்பதைத் தமிழறிஞர் அறிவர். நன்னூல் செய்த பவணந்தி, கொல்லாமையைத் தலையாய நோன்பாகக் கொண்ட சமண முனிவர். போரிலும் ஆநிரை மீட்டலிலும் உயிர்நீத்தோரின் நடுகற்களும் இந்நிலத்தில் மிகுதி.

தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் வாழ்விழந்து நின்றன. சயனைடு மண்மேடுகள் எஞ்சின. அம்மேடுகளை அடுத்த புல்வெளிகளில் முறுக்கிய கொம்புடைய இரலைகள் இன்றும் மேய்கின்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள இரலையை வேட்டையாடுதல் குற்றமாகும். அவ்வாறாயின் எம்முனை சிறந்தது என்னும் வினா இந்நிலத்தில் எழவே இடமில்லை எனலாம்.

ஆனால் வேறு வடிவில் அது எழுகின்றது. நம் நாட்டில் இன்று விலங்குகள் மடிவது பெரும்பாலும் அம்பினால் அன்று. கம்பிச் சுருக்கு, திருட்டு மின்வேலி, பழத்துள் பொதிந்த வெடியாகிய அவுட்டுக்காய் ஆகியவையே கொல்கின்றன. 2020ஆம் ஆண்டில் கேரளத்தில் சூலுற்ற யானையொன்று வாய் சிதைந்து மடிந்தது இத்தகைய வெடியினாலேயே. இவற்றில் எய்யும் கையும் இல்லை. காணும் கண்ணும் இல்லை. மான், பன்றி, நாய், மனிதர் எனப் பாகுபாடின்றி அகப்பட்டதைக் கொல்லும். மனுநூல் விலக்கிய மறைவுப் படைக்கலம் என்பதற்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது. முனையைத் தெரிவு செய்யும் வேடன் இலக்கின் எதிரே நின்று வருந்தும் வாய்ப்பேனும் உடையவன். சுருக்கு வைத்தவனோ வீட்டில் உறங்குகிறான்.

பயிரைக் காக்கும் உழவனின் இடரும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஓராண்டு உழைப்பு ஓரிரவில் அழியும்போது அவனிடம் அருளறம் மட்டும் பேசுதல் எளிதன்று. காட்டுப்பன்றிகளைக் கொல்ல ஆணையிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது இவ்விடரை ஒட்டியே. இத்தகைய சூழலில் கொலை தவிர்க்கவியலாது என்று முடிவு செய்யப்படினும், கொல்லும் முறை பற்றிய கடமை நீங்கிவிடுவதில்லை. அதனை நிறைவேற்றும் பொறுப்பும் பயிரிழப்பிற்கு ஈடுசெய்யும் பொறுப்பும் உழவனுடையன மட்டுமல்ல. அவன் விளைவித்ததை உண்போர் அனைவர்க்கும் உரியன.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. கொல்லலாமா என்பதும் எவ்வாறு கொல்வது என்பதும் இருவேறு வினாக்கள். முன்னதில் தவறியவனுக்கும் பின்னதில் கடமை உண்டு; பின்னதை நிறைவேற்றியமையால் முன்னதில் ஏற்பட்ட தவறு நீங்கிவிடாது. நன்முனையைத் தெரிவு செய்தல் விலங்கின் வலியை ஒப்புக்கொள்வதாகும். அவ்வொப்புதல் எய்தவனுக்கு எதிரான சான்றாகவும் நிற்கும். தெரிவே இல்லாத கருவிகளாகிய சுருக்கும் வெடியும், அம்பினும் கீழான அறநிலையில் உள்ளவை. அம்பின் முனையை நேர்மையோடு ஆராய்பவன், தன் வினாவைத் தொடர்ந்து சென்றால், இறுதியில் வில்லை எடுக்கத்தான் வேண்டுமா என்னும் வினாவின்முன் வந்து நிற்பான். அவ்வினாவுக்கு விடை கூறாமல் நாணை இழுப்பவனை எம்முனையும் காவாது.