மரவள்ளி வந்த திசையில் புறப்படுங்கள்

"பிள்ளைகள் கரையேறட்டும், கடன் அடையட்டும். அப்புறம் ரெண்டு பேரும் எங்கேயாவது போய்வரலாம்." மொரப்பூர் வட்டாரத்தில் இதைச் சொல்லாத தம்பதி யார்? சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர்கள் எத்தனை பேர்? பிள்ளைகள் கரையேறும்போது மூட்டுவலி வந்துவிடுகிறது. கடன் அடையும்போது இருவரில் ஒருவர் இருப்பதில்லை. எனக்குக் கோபம் வருகிறது. மழையை நம்பி மானாவாரி நிலத்தில் விதைக்கத் துணிந்தவர்கள், கிணறு வற்றினால் இன்னும் ஆழமாக வெட்டத் துணிந்தவர்கள், உலகத்தைப் பார்ப்பது மட்டும் நமக்கு இல்லை என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொள்வதா?

யாருக்கு உண்டு, சொல்லுங்கள். பணக்காரனுக்கா? கொச்சி காந்தி நகரில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று ஒரு டீக்கடை. நடத்தியவர்கள் விஜயனும் மோகனாவும். வேலைக்கு ஆள் வைக்கவில்லை. டீ ஆற்றியதும் பலகாரம் போட்டதும் பாத்திரம் துலக்கியதும் அவர்களே. நாளுக்கு 300 ரூபாய் தனியாக எடுத்து வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 1,09,500 ரூபாய். போதாததற்குக் கடன் வாங்கினார்கள். போய்விட்டு வந்து, மறுபடி டீ ஆற்றி அந்தக் கடனை அடைத்தார்கள். அடைத்ததும் அடுத்த நாடு. 2007-ல் தொடங்கிய வெளிநாட்டுப் பயணம் 26 நாடுகளைத் தொட்டது. பிரேசில், அர்ஜென்டினா, பெரு வரை போனார்கள். 2019-ல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா செலவை ஏற்று அவர்களை ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பினார். ஆனால் அவர் வருவதற்கு முன்பே அவர்கள் உலகத்தைச் சுற்றத் தொடங்கி 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. யாராவது வந்து அனுப்பிவைப்பார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 2021 அக்டோபரில் ரஷ்யா போய்வந்தார்கள். அடுத்த மாதம் விஜயன் காலமானார். 'அப்புறம்' என்று தள்ளிப்போட்டிருந்தால் அந்த மனிதர் எதைப் பார்த்திருப்பார்?

இந்தக் கதையில் என்னை உலுக்குவது 26 என்ற எண்ணிக்கை இல்லை. மோகனா ஒவ்வொரு பயணத்திலும் கூடவே போனார் என்பதுதான். நம் பக்கத்து ஆண்கள் ஊர் பார்க்காதவர்கள் இல்லை. பெங்களூரு கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் ஓசூர்த் தொழிற்சாலைக்கும் போய்வந்த கால்கள் அவை. பெண்கள்? ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல், வேண்டுதலுக்குத் தீர்த்தமலை, சீர் செய்ய அண்ணன் வீடு. அவ்வளவுதான். களையெடுப்பும் பால் கறப்பும் இருவருக்கும் பொது என்றால் கடலும் இருவருக்கும் பொதுதான். கணவன்மாரே, உங்கள் மனைவி கடைசியாக எந்த ஊரை ஆசைப்பட்டுப் பார்த்தார் என்று இன்று ராத்திரி கேளுங்கள். பதில் உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் நல்லது.

எங்கே போவது? பெரிதாகவே ஆசைப்படுங்கள். உலக வரைபடத்தில் வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலம் மத்திய அமெரிக்கா. அதன் கிழக்கே கரீபியன் கடலில் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஹோண்டுராஸின் ரோவட்டான், உட்டிலா. நிகரகுவாவின் கார்ன் தீவுகள். பனாமாவின் குனா யாலா. முதுகில் ஒரு பையோடு உலகெங்கிலுமிருந்து இளம் ஜோடிகள் இங்கே வருகிறார்கள். சின்ன கார்ன் தீவில் கார் கிடையாது. நடந்தே சுற்ற வேண்டும். நாளெல்லாம் நடந்தே பழகிய நமக்கு அது ஒரு சிரமமா?

ரோவட்டானில் புன்டா கோர்டா என்றொரு கிராமம். அங்கே வாழ்பவர்கள் கரிஃபுனா மக்கள். ஆப்பிரிக்கரும் கரீபியப் பழங்குடிகளும் கலந்த இனம். செயின்ட் வின்சென்ட் தீவில் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றார்கள். 1797-ல் பிரிட்டிஷார் அவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து இந்தத் தீவில் இறக்கிவிட்டார்கள். தோற்றவர்கள், நாடு இழந்தவர்கள். ஆனால் அழியவில்லை. மொழியைக் காத்தார்கள், பறையடித்து ஆடும் ஆட்டத்தைக் காத்தார்கள். 2001-ல் யுனெஸ்கோ அவர்களுடைய மொழியையும் ஆட்டத்தையும் இசையையும் மனித குலத்தின் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. அவர்களுடைய முக்கிய உணவு எது தெரியுமா? மரவள்ளிக்கிழங்கு!

ஆம், நம் மரவள்ளிதான். நம் வயலில் விளைந்து லாரி லாரியாக ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் அதே கிழங்கு. அவர்கள் தோலை நீக்கித் துருவுகிறார்கள். துருவலைப் பின்னிய நீளக் கூடைக்குழாயில் அடைத்து இழுத்துத் தொங்கவிட்டு, நச்சுச் சாற்றைப் பிழிந்து எடுக்கிறார்கள். காய்ந்த மாவைச் சலித்து, அகலமான கல்லில் மெல்லிசாகப் பரப்பிச் சுடுகிறார்கள். எரெபா என்று பெயர். நாள்பட வைத்திருந்தாலும் கெடாது. பச்சைக்கிழங்கில் விஷம் உண்டு, தண்ணீரில் போட்டு வேகவைத்துத்தான் தின்ன வேண்டும் என்பது மொரப்பூர்க் கிழவிக்குத் தெரியும். கடலுக்கு அப்பால் கரிஃபுனாக் கிழவிக்கும் தெரியும். இருவரும் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தால் மொழி தெரியாமலே கிழங்கு சீவிக்கொண்டு பேசிக்கொள்வார்கள். மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அங்கிருந்து கடல் கடந்து நம் நிலத்துக்கு வந்து வேர்விட்டது. கிழங்கு வந்த திசையில் விவசாயி போக முடியாதா?

பெண்களே, இன்னொன்றும் கேளுங்கள். குனா யாலாவில் 300-க்கும் மேற்பட்ட குட்டித் தீவுகள் உண்டு. அங்கே வாழும் குனா மக்களிடையே திருமணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். பெண்கள் துணியடுக்குகளை வெட்டித் தைக்கும் 'மோலா' என்ற சித்திர ரவிக்கை உலகம் முழுவதும் விலை போகிறது. தங்கள் உடையையும் வழக்கத்தையும் தடைசெய்த பனாமா அரசை எதிர்த்து 1925-ல் குனா மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பின்னர் தன்னாட்சியும் பெற்றார்கள். இப்போது கடல் ஏறிவருகிறது. 2024-ல் கார்டி சுக்துப் தீவின் சுமார் 300 குடும்பங்கள் வீட்டை விட்டு நிலப்பகுதிக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. ஆகவே தாமதிக்காதீர்கள். நாம் மட்டும் அல்ல, நாம் பார்க்க வேண்டிய இடங்களும் காத்திருக்கப்போவதில்லை.

'அவ்வளவு தூரம் நம்மாளுங்க யாரு போயிருக்கா?' என்று கேட்காதீர்கள். போயிருக்கிறார்கள். 1853-லும் 1854-லும் 'ஒரெலி' என்ற கப்பலில் தமிழர்கள் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கரும்பு வெட்டப் போனார்கள். அதே கரீபியன் கடல்தான். மாரியம்மனை அங்கும் கொண்டுபோனார்கள், இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. நீங்கள் யாருடைய ஒப்பந்தமும் இல்லாமல், உங்கள் காசில், உங்கள் விருப்பத்தில், கைகோத்துக்கொண்டு போகப்போகிறீர்கள். அந்தக் கடலுக்கு நாம் பட்ட கடன் என்று நான் நினைப்பது இதைத்தான்.

செலவு லட்சங்களில் ஆகும், மறைக்கவில்லை. நேரடி விமானம் கிடையாது. வழியில் மாறும் நாட்டின் விசாவும் தேவைப்படலாம். ஜூன் முதல் நவம்பர் வரை அந்தப் பக்கம் புயல் காலம். அதனால் இன்றைக்கே டிக்கெட் எடுக்கச் சொல்லவில்லை. கால் பழகட்டும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் இருக்கிறது. சுமார் மூன்று நாள் கடல். பாஸ்போர்ட் வேண்டாம், அங்கே தமிழும் செல்லும். அடுத்து, 2023-ல் தொடங்கிய நாகப்பட்டினம் – இலங்கை காங்கேசன்துறைக் கப்பல். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், நாள் விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் போய்ப் படகு பிடித்தால் நெடுந்தீவு. பவளக்கல் அடுக்கிய வேலிகள், வெட்டவெளியில் திரியும் காட்டுக் குதிரைகள், தமிழ் பேசும் மக்கள். இந்த இரண்டு தீவையும் பார்த்துவிட்டு வந்த தம்பதிக்கு மூன்றாவது தீவு தூரமாகத் தெரியாது.

நம் ஊருக்குப் பிடிவாதம் புதிதா என்ன? 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குச் சின்ன ரயில் ஓடியது. 1913-ல் பாதை ஓசூர் வரை நீண்டது. 1941-ல் மூடிவிட்டார்கள். அதோடு போகட்டும் என்று இந்த மக்கள் விட்டார்களா? கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019-ல் புதிய பாதைக்கு அடிக்கல் விழுந்தது. ஊருக்காக இத்தனை ஆண்டு விடாமல் கேட்கத் தெரிந்தவர்கள், தங்களுக்காக ஒரு முறை கேட்டால் என்ன?

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பத்தாண்டுக்குச் செல்லும். இருவருக்கும் சேர்த்து 3,000. ஒரு கல்யாணத்துக்கு வைக்கும் மொய் அளவுதான். நாளுக்கு 100 ரூபாய் உண்டியலில் போட்டால் ஆண்டுக்கு 36,500. உண்டியல் சாவி மனைவியிடம் இருக்கட்டும். பால் பணம் வரும் நாளில் முதல் நோட்டு அதில் விழட்டும். வருகிற திங்கட்கிழமை ஆதாரையும் பிறந்த தேதிச் சான்றையும் எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுங்கள். ஒன்று அல்ல, இரண்டு மனு. ஒரே நாளில்.