போரின் சுமை யார் தோளில்?

 

போர்கள் பல சமுதாயங்களை உயர்த்தியிருக்கின்றன, பல சமுதாயங்களைத் தரைமட்டமாக்கியிருக்கின்றன. படைபலம், ஆயுதம், தந்திரம் என்று அதற்குப் பல காரணங்களைச் சொல்வார்கள். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் வரலாற்றை ஊன்றிப் படிப்பவர்களின் கண்ணில் இன்னொரு விஷயம் திரும்பத் திரும்பப் படும். போர் வந்தபோது அதன் சுமையை முதலில் யார் சுமந்தார்கள்? அரண்மனையில் இருந்தவர்களா, குடிசையில் இருந்தவர்களா? இன்றைய ஜும்ஆவில் அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு. மதீனாவைச் சுற்றி வளைக்க எதிரிகள் திரண்டு வருகிறார்கள். ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் யோசனைப்படி அகழ் தோண்டப்படுகிறது. கடுங்குளிர், கடும் பசி. தோழர்கள் வயிற்றில் கட்டியிருந்த கல்லைக் காட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் தம் வயிற்றில் இரண்டு கற்களைக் கட்டியிருந்ததைக் காட்டினார்கள் என்ற செய்தியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதே அகழ்ப்போரில் ஜாபிர் (ரலி) அவர்களின் வீட்டில் நடந்ததையும் கேட்டிருப்போம். ஒரு சிறிய ஆட்டுக்குட்டி, ஒரு ஸாவு வாற்கோதுமை. நபியவர்களின் பசியைக் கண்டு பொறுக்க முடியாமல், தாங்களும் இன்னும் ஓரிருவரும் மட்டும் வாருங்கள் என்று ஜாபிர் (ரலி) இரகசியமாக அழைத்தார்கள். நபியவர்களோ அகழ் தோண்டிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் சத்தமாக அழைத்துவிட்டார்கள்! ஏறத்தாழ ஆயிரம் பேர். இதை முஃஜிஸா என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். முஃஜிஸா நடந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே அங்கே ஒன்று நடந்துவிட்டது. தன் மக்கள் பசித்திருக்கும்போது தான் மட்டும் உண்ண அந்தத் தலைவருக்கு மனம் வரவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு சுமார் 600 ஆண்டுகள் தாண்டி வாருங்கள்.

கி.பி. 1218ஆம் ஆண்டு வாக்கில் மத்திய ஆசியாவில் குவாரிஸ்ம் என்ற பெரிய முஸ்லிம் சாம்ராஜ்யம் இருந்தது. அதன் சுல்தான் அலாவுத்தீன் முஹம்மது. செங்கிஸ்கான் அனுப்பிய ஒரு வணிகக் கூட்டம் அந்நாட்டின் எல்லையிலிருந்த உத்ரார் என்ற ஊருக்கு வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட வணிகர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். ஒட்டகங்கள் நிறைய பொன்னும் பட்டும் இருந்தன. ஊரின் ஆளுநர் அவர்களை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்றுவிட்டு, சரக்கைக் கைப்பற்றிக்கொண்டார். அந்த ஆளுநரைத் தண்டிக்கும்படி கேட்டுத் தூதர் வந்தபோது, சுல்தான் தூதரையே கொன்றார். அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளுக்குள் புகாரா எரிந்தது, ஸமர்கந்த் வீழ்ந்தது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பிறந்த ஊர் அது! சண்டையை இழுத்துவிட்ட சுல்தான் ஊர் ஊராக ஓடி, காஸ்பியன் கடலில் ஒரு தீவில் ஒளிந்து இறந்தார். கஃபனிடக்கூடத் துணியில்லை, கூட இருந்த ஒருவரின் சட்டையைப் போர்த்தி அடக்கினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சரக்கை எடுத்தது ஒருவர். விலை கொடுத்தது இலட்சக்கணக்கான மக்கள்.

பிறகு பக்தாத். ஹிஜ்ரி 656, கி.பி. 1258. செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகு நகரைச் சுற்றி வளைத்தபோது கலீஃபாவாக இருந்தவர் முஸ்தஃஸிம். இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தம் வரலாற்று நூலில் இரண்டு விஷயங்களைப் பதிவு செய்கிறார்கள். ஒன்று, படைவீரர்களின் மானியம் நிறுத்தப்பட்டு, அவர்களில் பலர் கடைவீதிகளிலும் பள்ளிவாசல் வாசல்களிலும் கையேந்தி நின்றார்கள். மற்றொன்று, எதிரியின் அம்புகள் அரண்மனைக்குள் விழத் தொடங்கிய நேரத்தில் கலீஃபாவின் முன் ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வந்த அம்பு பட்டு அவள் இறந்தாள். கலீஃபா திடுக்கிட்டார். திடுக்கிட்டவர் என்ன செய்தார் தெரியுமா? அரண்மனைக்குத் திரைச்சீலைகளை அதிகமாக்கச் சொன்னார்!

அந்த வீழ்ச்சிக்கு அமைச்சர் ஒருவர்தான் முழுக் காரணம் என்று சில நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதை வைத்து இன்றுவரை ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறது. அமைச்சரின் பங்கு எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். காவலுக்கு நிற்க வேண்டிய வீரன் பள்ளிவாசல் வாசலில் பிச்சைக்கு நிற்பதைப் பார்த்துக்கொண்டே தொழுகைக்குப் போய்வந்த ஒரு நகரத்தின் அழிவை ஒரே ஒரு மனிதனின் தலையில் கட்டிவிட முடியுமா?

சகோதரர்களே! பக்தாத் வீழ்ந்தது. அலெப்போ வீழ்ந்தது. திமிஷ்க் சரணடைந்தது. அடுத்தது எகிப்து. அப்போது கெய்ரோவில் ஒரு மனிதர் இருந்தார்கள். இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்). நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்களுக்கு இவர்கள் அந்நியர் அல்லர். அந்த மத்ஹபின் மாபெரும் இமாம்களில் ஒருவர். ‘உலமாக்களின் சுல்தான்’ என்று பெயர் பெற்றவர்கள்.

இவர்கள் திமிஷ்கைச் சேர்ந்தவர்கள். அங்கிருந்த ஆட்சியாளர், தம் உறவினரான எகிப்து சுல்தானுக்கு எதிராக உதவி வேண்டும் என்பதற்காகச் சிலுவைப் படையினருக்குக் கோட்டைகளைக் கொடுத்தார். திமிஷ்க் கடைவீதியில் அவர்கள் ஆயுதம் வாங்கவும் அனுமதித்தார். இமாம் அவர்கள், அந்த விற்பனை ஹராம் என்று ஃபத்வா கொடுத்தார்கள். மிம்பரில் நின்று, அந்த ஆட்சியாளருக்காக வழக்கமாகக் கேட்கும் துஆவையும் விட்டுவிட்டார்கள். சிறை கிடைத்தது. பிறகு கெய்ரோவுக்கு வந்தார்கள்.

வந்த இடத்திலாவது அமைதியாக இருந்தார்களா? இல்லை. எகிப்தின் பெரிய அமீர்களில் பலர் விலைக்கு வாங்கப்பட்ட மம்லூக்குகள், அதாவது அடிமைகள். அவர்கள் முறைப்படி உரிமை விடப்படவில்லை என்பது இமாமுக்குத் தெரிந்தது. அப்படியானால் அவர்கள் இன்னும் பைத்துல் மாலின் சொத்து. அவர்கள் செய்யும் வியாபாரமும் நிக்காஹும் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். அவர்களில் ஒருவர் சுல்தானின் பிரதிநிதியாகவே இருந்தவர்! சுல்தான் இதை ஏற்கவில்லை. உடனே இமாம் அவர்கள் தம் வீட்டுச் சாமான்களைக் கழுதையில் ஏற்றி, குடும்பத்தாரை இன்னொரு கழுதையில் ஏற்றி ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். செய்தி பரவியது. உலமாக்களும் வணிகர்களும் பெண்களும் பிள்ளைகளும் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். இவர் போனால் உங்கள் ஆட்சியும் போய்விடும் என்று சுல்தானுக்கு எச்சரிக்கை வந்தது. சுல்தானே குதிரையேறிப் போய்ச் சமாதானம் பேசி அழைத்து வந்தார்.

அந்தப் பிரதிநிதிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உருவிய வாளோடு இமாமின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த மகன் பயந்துபோய் உள்ளே ஓடினார். உன் தந்தைக்கு ஷஹாதத் கிடைக்கும் அளவுக்குத் தகுதி ஏது என்று மகனிடம் சொல்லிவிட்டு, இமாம் வெளியே வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அந்த மனிதரின் கை தளர்ந்து வாள் கீழே விழுந்தது. எங்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று அழுதபடி கேட்டார். ஏலம் போட்டு விற்பேன் என்றார்கள். கிடைக்கும் பணம்? மக்களின் நலனுக்கு. வாங்கி வைப்பது யார்? நான்தான். அப்படியே நடந்தது. ஒவ்வொரு அமீரும் பெரிய விலைக்கு ஏலம் விடப்பட்டு, உரிமை விடப்பட்டார். இந்தச் செய்தியை இமாம் சுப்கி (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது 1259ஆம் ஆண்டின் இறுதிக்கு வாருங்கள். எகிப்தின் அரியணையில் இருந்தவர் ஒரு சிறுவர். அவரை நீக்கிவிட்டு ஸைஃபுத்தீன் குதுஸ் ஆட்சியை எடுத்தார். இந்தக் குதுஸ் யார்? உத்ராரில் வணிகர்களைக் கொன்று நாடிழந்த அதே குவாரிஸ்ம் சுல்தானின் வம்சத்தில் வந்தவர் என்றும், சிறுவயதில் தாத்தாரியர்களிடம் பிடிபட்டுச் சந்தையில் விற்கப்பட்டவர் என்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஒரு தலைமுறையின் பேராசை அடுத்த தலைமுறையை அடிமைச் சந்தைக்கு அனுப்பியது.

போருக்குப் பணம் வேண்டும். மக்களிடம் வரி வாங்கலாமா என்று உலமாக்களைக் கூட்டிக் கேட்டார்கள். ஆபத்தோ வாசலுக்கு வந்துவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் ஆட்சியாளர் எதைக் கேட்டாலும் ஆமாம் போடத்தான் பெரும்பாலான அறிஞர்களுக்குத் தோன்றும். இமாம் இஸ்ஸுத்தீன் (ரஹ்) அவர்கள் சொன்ன பதிலின் கருத்து இது: எதிரி நாட்டுக்குள் வந்துவிட்டால் எதிர்ப்பது எல்லோர் மீதும் கடமை. மக்களிடம் பணம் வாங்கவும் செய்யலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. முதலில் பைத்துல் மாலில் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. அமீர்களாகிய நீங்கள் உங்கள் தங்க இடுப்புப் பட்டைகளையும் விலையுயர்ந்த பொருட்களையும் விற்க வேண்டும். ஒவ்வொரு வீரனிடமும் அவனுடைய குதிரையும் ஆயுதமும் தவிர வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. அந்த வகையில் நீங்களும் பொதுமக்களும் சமமான பிறகு மக்களிடம் கையை நீட்டுங்கள். அமீர்களிடம் பணமும் ஆடம்பரமும் இருக்கும்போது மக்களிடம் வாங்குவது கூடாது.

நிபந்தனையைக் கவனியுங்கள். போரே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, வரியே கூடாது என்றும் சொல்லவில்லை. முறையை மட்டும் மாற்றிவிட்டார்கள். மேலிருந்து தொடங்கு என்றார்கள். நம் மஹல்லாவில் பள்ளிவாசல் வேலைக்கோ நிவாரணத்துக்கோ வசூல் என்றால் பட்டியல் எங்கிருந்து தொடங்குகிறது? சந்தா பாக்கிக்காரர்களின் பெயரைப் பலகையில் எழுதுவதிலிருந்து என்றால், நாம் அந்த ஃபத்வாவைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்.

குதுஸ் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஹுலாகுவின் தூதர்களைக் கொன்று, தலைகளைக் கெய்ரோவின் பாப் சுவைலா வாயிலில் தொங்கவிட்டார். இதை வீரம் என்று சிலர் மேடைகளில் மெச்சுகிறார்கள். பொய்யன் முஸைலமாவின் தூதர்களைக்கூட, தூதர்கள் என்ற ஒரே காரணத்துக்காக நபி (ஸல்) அவர்கள் கொல்லாமல் விட்டார்கள். அந்த ஸுன்னத் இருக்க, குதுஸின் செயல் நமக்கு ஆதாரம் ஆகாது.

ஹிஜ்ரி 658, ரமளான் பிறை 25, கி.பி. 1260 செப்டம்பர் 3. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. பலஸ்தீனத்தில் பைஸானுக்கு அருகிலுள்ள ஐன் ஜாலூத். ஹுலாகு தன் பெரும்படையோடு ஏற்கெனவே கிழக்கே திரும்பிவிட்டான். எதிரில் நின்றது தளபதி கித்புகாவிடம் விட்டுச்சென்ற ஒரு பகுதிப் படைதான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் தாத்தாரியர்களை வெல்லவே முடியாது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு கட்டத்தில் இடப்பக்க அணி சிதறியது. குதுஸ் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக் கதறியபடி தானே களத்தில் பாய்ந்தார். கித்புகா கொல்லப்பட்டான். வெற்றி உறுதியானதும் குதுஸ் குதிரையிலிருந்து இறங்கி, முகத்தை மண்ணில் வைத்து, இரண்டு ரக்அத் தொழுதார் என்று மக்ரீஸி எழுதுகிறார்.

பிச்சையெடுத்த வீரர்களின் நகரம் அழிந்து இரண்டரை ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தங்கப் பட்டையைக் கழற்றும்படி அமீர்களிடம் சொல்ல ஆள் இருந்த நகரம் நின்றது. கெய்ரோ அதன்பின் 1517 வரை மம்லூக் சுல்தான்களின் தலைநகராக இருந்தது. ஹதீஸ் கலைக்கு இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) போன்றவர்களை அந்த நகரம் தந்தது.

ஆனால் குதுஸ் கெய்ரோவுக்கு வந்து சேரவே இல்லை. இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை, திரும்பும் வழியிலேயே அவருடைய சொந்த அமீர்களே அவரைக் கொன்றார்கள். தனக்கு அலெப்போவின் ஆட்சி தரப்படவில்லை என்ற மனக்குறை பைபர்ஸுக்கு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. பைபர்ஸ் சுல்தான் ஆனார். கெய்ரோவில் வெற்றி விழாவுக்கு அலங்கரித்த தெருக்களில் பைபர்ஸ் ஊர்வலம் போனார். தங்கத்தைக் கழற்ற வைத்த போரால்கூட பதவி ஆசையைக் கழற்ற முடியவில்லை.

பைபர்ஸ் திறமையான ஆட்சியாளர். யாருக்கும் அஞ்சாதவர் என்று பெயர் எடுத்தவர். ஹிஜ்ரி 660இல், கி.பி. 1262இல், இமாம் இஸ்ஸுத்தீன் (ரஹ்) அவர்கள் வஃபாத்தானார்கள். கோட்டையின் கீழே ஜனாஸா கடந்து போனது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மக்கள். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பைபர்ஸ் தன் நெருங்கியவர்களிடம் சொன்னாராம்: இன்றுதான் என் ஆட்சி நிலைத்தது. இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மக்கள் என்னிடமிருந்து ஆட்சியைப் பறித்திருப்பார்கள் என்று.

போர்களால் வீடிழந்து, உறவிழந்து நிற்கும் எல்லா மக்களுக்கும் அல்லாஹ் விரைவில் அமைதியையும் பாதுகாப்பையும் தருவானாக! ஆமீன்.