பறவை குறைந்ததா, காது மந்தமா?

ஜூன் மாதம். விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஏதோ ஒரு கிராமத்துச் சாலையோரம் காரை நிறுத்தி ஒருவர் இறங்குகிறார். மூன்றே நிமிடம். கண்ணில் பட்ட, காதில் விழுந்த பறவைகளை எல்லாம் எண்ணிக் குறித்துக்கொள்கிறார். மறுபடி கார். அரை மைல் தள்ளி அடுத்த நிறுத்தம். இப்படி 24.5 மைலில் 50 இடங்கள். சம்பளம் கிடையாது.

1966-ல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் ஆரம்பித்துவைத்த கணக்கெடுப்பு இது. டி.டி.டி. பூச்சிமருந்து பறவைகளைக் கொல்கிறது என்று பேச்சு இருந்த காலம். ஆனால், நாடு முழுக்க எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் யாரிடமும் கணக்கு இல்லை. எண்ணுவதற்கு விஞ்ஞானிகள் போதாது. ஆகவே, குரலை வைத்தே பறவையைச் சொல்லத் தெரிந்த சாதாரண ஜனங்களைக் கூப்பிட்டார்கள். இன்றைக்கு அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 4,000-க்கும் மேல் தடங்கள்.

இந்த மனிதருக்கு மேஸ்திரி யாரும் இல்லை. போன வருஷம் இங்கே பாடிய பறவையை இந்த வருஷம் காணோம். 'எங்கேயாவது இருக்கும்' என்று ஒரு கோடு போட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? போடக் கூடாது. பறவைகள் நிறைய இருக்கிற இடமாகப் பார்த்துத் தள்ளி நிற்கவும் கூடாது. இல்லாததை இல்லை என்று எழுதுவதும் கணக்குதான்.

சரி, இது சுலபமான நேர்மை. கஷ்டமானது இன்னொன்று.

வயசானால் முதலில் மெல்லிய கீச்சுக் குரல்கள்தான் காதைவிட்டுப் போகும். 'பிளாக்போல் வார்ப்ளர்' போன்ற குருவிகள் பாடுவது சுமார் 8,000 ஹெர்ட்ஸில். முப்பது வருஷமாக அதே சாலையில் எண்ணுகிறவருக்கு ஒருநாள் அந்தப் பாட்டு கேட்கவில்லை. குருவி போய்விட்டதா, காது போய்விட்டதா? மனசு சட்டென்று குருவி மேல்தான் பழியைப் போடும்!

ஒருவருக்கு எப்போதுமே காது கொஞ்சம் மந்தம் என்றால் பரவாயில்லை. அவரை அவரோடுதான் ஒப்பிடுகிறார்கள்; புள்ளிவிவரக்காரர்கள் சமாளித்துக்கொள்வார்கள். வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிற குறையை மறைத்தால்தான் வம்பு. அது கணக்கில் பறவைச் சாவாகப் பதிவாகும். அப்போது, 'இனிமேல் என் தடத்தை வேறு யாராவது எடுத்துக்கோங்க' என்று அவரேதான் சொல்ல வேண்டும். தான் நேசிக்கிற வேலையை, அந்த வேலைக்காகவே விட வேண்டும்.

பறவைகள் குறைந்தது நிஜம்தான். 1970-ல் இருந்ததைவிட சுமார் 300 கோடி குறைவு என்று 2019-ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. அதற்கு இந்தத் தொண்டர்களின் கணக்குதான் பெரிய ஆதாரம். கூடவே, ராத்திரியில் வலசை போகும் பறவைக் கூட்டம் மெலிந்துவருவதை வானிலை ரேடாரும் காட்டியது. ரேடாருக்குக் காது மந்தமாவதில்லையே!

'அந்தக் காலம் மாதிரி வருமா? இப்பல்லாம் எங்க சார் நல்ல பாட்டு, நல்ல மனுஷங்க!' என்று நாம் அடிக்கடி தீர்ப்பு சொல்கிறோம். உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால், உலகம் குறைந்துவிட்டது என்று எழுதுவதற்கு முன்னால், ஒருதரம் நம் காதைச் சோதித்துக்கொள்வது நியாயம்.